அம்பொன்சாவின் தாடைக்கு வெந்நீர்

எங்கள் காம்பவுண்டில் விடிகாலையில் முதலில் கேட்கிற குரல் பிராகோவுடையது. அவள் திட்டுகிற ஆள் எப்போதும் ஒரே ஆள், அவள் புருஷன் அம்பொன்சா. திட்டுகிற விஷயமும் ஒன்றுதான், அவன் தாடை.

கானா நாட்டின் குமாசி நகரத்தில், பன்டாமா கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் வீடு. நடுவில் முற்றம், சுற்றிலும் அறைகள், அறைக்கு ஒரு குடும்பம். எல்லோருக்கும் சேர்த்து ஒரே குளியலறை. தெருவைப் பார்த்த அறையில் நான் தலை பின்னிவிடும் கடை வைத்திருக்கிறேன். என் வாசலை ஒட்டி, கேட்டுக்குப் பக்கத்தில், பிராகோ சோளக்கஞ்சி விற்கிறாள். புளித்த சோளமாவில் இஞ்சியும் மிளகும் தட்டிப்போட்டுக் காய்ச்சிய கஞ்சி, தொட்டுக்கொள்ளக் காராமணி வடை. வெளிச்சம் வருவதற்குள் வேன் ஓட்டுகிறவர்கள், மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் எல்லாம் கிண்ணத்தோடு வந்து நிற்பார்கள். பிராகோ கஞ்சி ஊற்றிக்கொண்டே இரண்டு பேரை அதட்டுவாள், இரண்டு பேரைக் கிண்டல் செய்வாள். அவள் வாய்க்குப் பயப்படுகிறவர்களும் அவள் கஞ்சிக்கு வந்துவிடுவார்கள்.

அம்பொன்சா முன்பு மரம் அறுக்கிற ஆலையில் பலகை தூக்கிக்கொண்டிருந்தான். காது வரைக்கும் அடர்ந்த தாடி. தாடியில் எப்போதும் கொஞ்சம் மரத்தூள் இருக்கும். ஆலையை மூடிய பிறகு பல மாதங்கள் சும்மா இருந்தான். பிறகு அடூம் பகுதியில் ஒரு வங்கியில் வாசல் காவலாளி வேலை கிடைத்தது. நீலச் சட்டை, தொப்பி, பளபளக்கும் பூட்ஸ். வீடே சந்தோஷப்பட்டது. பிராகோ அன்று எல்லோர் கிண்ணத்திலும் ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினாள்.

வேலைக்கு ஒரே ஒரு நிபந்தனை. முகத்தில் முடி இருக்கக்கூடாது.

காவலாளிகளுக்கு மேலதிகாரி குவாயே என்று ஒருவர். தினமும் காலையில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி, சட்டைப்பையிலிருந்து கொஞ்சம் பஞ்சு எடுத்துத் தாடையில் கீழிருந்து மேலாக இழுப்பார். பஞ்சு நூல் ஒட்டினால் வீட்டுக்குப் போ. முடிவெட்டும் கடை மெஷின் எல்லாம் அந்தப் பஞ்சுக்கு ஆகாது. பிளேடுதான்.

அம்பொன்சா பிளேடு பிடித்துப் பழகாதவன். குளியலறைக் கதவை வெளியே யாராவது தட்டிக்கொண்டே இருக்க, குளிர்ந்த நீரை முகத்தில் தெளித்துக்கொண்டு, கறுப்புச் சோப்பை ஒரு தேய் தேய்த்து, மேலும் கீழுமாகச் சுரண்டிவிட்டு ஓடுவான். எங்கள் ஆட்களின் தாடிமுடி சுருள்முடி. காய்ந்த முடியை ஒட்ட வெட்டினால் நுனி முள்ளாகிவிடும். வளரும்போது வளைந்து திரும்பத் தோலுக்குள்ளேயே குத்திக்கொண்டு போகும். குத்திய இடமெல்லாம் கட்டி. இரண்டாவது சம்பளம் வாங்குவதற்குள் அவன் தாடையும் கழுத்தும் புடைத்துப் போயின.

"உன் மூஞ்சில கை வெச்சா உரிச்ச சோளக்கதிரத் தடவுற மாதிரி இருக்குய்யா" என்றாள் பிராகோ.

"கை வெக்காத."

"நான் ஏன் வெக்கப் போறேன்? பாத்தாலே எரியுது."

காம்பவுண்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வீட்டுக்காரி நியார்க்கோ அம்மா எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னாள். அவன் தேய்த்ததும் போட்ட அலறலில் பக்கத்து அறைக் குழந்தை எழுந்துகொண்டு மத்தியானம் வரை தூங்கவில்லை. அந்தக் குழந்தையின் அம்மா இன்றைக்கும் அம்பொன்சாவிடம் சரியாகப் பேசுவதில்லை.

பிறகு கெஜெட்டியா மார்க்கெட்டில் எவனோ ஒரு பொடி விற்றான். தண்ணீரில் குழைத்துப் பூசினால் பிளேடே வேண்டாம், முடி தானாக வழிந்து வந்துவிடும் என்றான். அது உண்மைதான், வந்தது. அதன் நாற்றத்தைப் பற்றி மட்டும் அவன் வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் சர்ச்சுக்குப் புறப்படுகிற நேரத்தில், குளியலறையிலிருந்து அழுகின முட்டை நாற்றம் முற்றம் முழுக்கப் பரவியது. நியார்க்கோ அம்மா வெள்ளையும் நீலமுமாக உடுத்திக்கொண்டு வந்து கைத்தடியால் கதவைத் தட்டினாள்.

"உள்ள யாரு? என்னத்தக் கொண்ணு போட்டிருக்க?"

"நான்தாம்மா, அம்பொன்சா. இன்னும் கொஞ்ச நேரம் ஊறணும்."

"நீ ஊறுறதுக்குள்ள நாங்க செத்துருவோம். வெளிய வா!"

அவளுக்குப் பயந்து அவன் கதவைத் திறக்கவில்லை. திறக்காமல் உட்கார்ந்திருந்ததில், பொடி விற்றவன் சொன்ன நேரத்துக்கு மேல் ஊறி, இடது கன்னத்தில் தோலும் சேர்ந்து வந்துவிட்டது. அன்று சர்ச்சில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான். அந்த வரிசையில் அவனைத் தவிர யாரும் இல்லை.

பிராகோவைப் பொறுமை இழக்க வைத்தது வெண்டைக்காய்தான். கன்னம் ஆறியதும் வங்கியில் கூட வேலை செய்கிற ஒருவன், முடிக்கு வழவழப்பு வேண்டும், வழவழப்பு இருந்தால் பிளேடு வழுக்கிக்கொண்டு போகும் என்று சொல்லியிருக்கிறான். பிராகோ ராத்திரிக் குழம்புக்கு வெண்டைக்காயை நறுக்கி வைத்துவிட்டு எண்ணெய் வாங்கப் போனாள். திரும்பி வந்தால் சட்டியில் வெண்டைக்காய் இல்லை. முற்றத்தில் முக்காலி மேல் அம்பொன்சா, முகமெல்லாம் பச்சைக் கொழகொழப்பு, தாடையில் வெள்ளை விதைகள்.

பிராகோ எண்ணெய் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்களே சொல்லுங்க. இது மனுசனா, சட்டியா?"

"நூல் நூலா வருது பாரு பிராகோ, நல்லா வழுக்குது" என்றான் அவன்.

"வழுக்கும்யா. என் வாழ்க்கையே உன்கூட வழுக்கிக்கிட்டுத்தான் போகுது. பொண்ணு பசிக்குதுன்னு வருவா, என்ன குடுப்ப? உன் மூஞ்சிய நக்கச் சொல்லுவியா?"

மறுநாள் அவளே அவனைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே இருந்த நர்ஸுக்கும் கோபம் வந்துவிட்டது. எலுமிச்சை, பொடி, வெண்டைக்காய் என்று அவன் சொல்லச் சொல்ல அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

"நடுவுல ஒரு நாளாச்சும் வெறும் வெந்நீர் போட்டுப் பாத்தீங்களா?"

"இல்லைங்க."

"ஏன்?"

யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நர்ஸ் சொன்னது நீளமில்லை. முதலில் கட்டிகள் ஆறும் வரை பிளேடை எடுக்காதே. பிறகு சூடான ஈரத்துணியைத் தாடையில் சுற்றி, முடி மெத்தென்று ஆகும் வரை வைத்திரு. துணி ஆறினால் மாற்று. அதன் மேல் நுரையைக் குழைத்துப் பூசி மறுபடியும் கொஞ்சம் ஊறவிடு. முடி வளர்கிற பக்கமே இழு. எதிர்ப்பக்கம் போகாதே. தோலை இழுத்துப் பிடிக்காதே.

குவாயே ஒரு வார விடுப்புக்கு மேல் தரவில்லை. அந்த ஒரு வாரத்தில் ஆறினவரை ஆறியது. வாழ்க்கையில் யார் பேச்சையும் கேட்காத அம்பொன்சா, நர்ஸ் பேச்சை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொண்டான். வடக்கிலிருந்து வந்து எங்கள் காம்பவுண்டில் இருக்கிற தையல்காரர் அல்ஹாசனிடம் தோலுக்குப் பூசுகிற ஷியா வெண்ணெய் கொஞ்சம் வாங்கினான். நுரைக்க ஒரு பிரஷ். இரண்டு துண்டு. ஒரு முக்காலி. எல்லாவற்றையும் கொண்டுவந்து பிராகோவின் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தான். வெந்நீர் அங்கேதானே இருக்கிறது.

அங்கேதான் சனியன் பிடித்தது. அவளுக்குக் கஞ்சி கொதிக்க வேண்டிய நேரமும் அவன் தாடை ஊற வேண்டிய நேரமும் ஒன்று. ஒரு கரி அடுப்பில் கஞ்சிப் பானை, இன்னொன்றில் வடைச் சட்டி. வெந்நீருக்கு அவன் எதையாவது ஒன்றை இறக்க வேண்டும். இறக்குவான். வடை எண்ணெய் ஆறிவிடும். அவள் கத்துவாள். அவன் பதில் சொல்ல முடியாது, முகம் முழுக்கத் துண்டு. கண் மட்டும் வெளியே தெரியும். "ம்ம்" என்பான்.

வாடிக்கைக்காரர்களுக்கு இது ஒரு வேடிக்கை.

"என்ன பிராகோ, வீட்டுல யாருக்காச்சும் பிரசவமா? இவ்வளவு வெந்நி, இவ்வளவு துணி?"

"ஆமா, எனக்குத்தான். பொறந்தது அந்தா முக்காலியில உக்காந்திருக்கு."

ஆனால் தாடை அடங்கியது. ஊறிய முடி சத்தமில்லாமல் வந்தது. குவாயேயின் பஞ்சில் ஒரு நூல்கூட ஒட்டவில்லை என்று அவன் வந்து சொன்னபோது, பிராகோ பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தாமல், "அந்தப் பஞ்ச அவரு வாயில அடைக்க" என்றாள்.

பிறகு வடகாற்று வந்தது. அந்தப் பருவத்தில் எங்கள் ஊரில் காலையில் எதிரே நிற்கிற ஆள் தெரியாது. காற்றெல்லாம் தூசி, உதடு வெடிக்கும், தோல் காகிதம் மாதிரி ஆகிவிடும். தாடிமுடி கம்பியாகிவிடும், அதனால் அம்பொன்சா துணியை இன்னும் அதிக நேரம் சுற்றத் தொடங்கினான். ஒருநாள் கரண்ட்டும் இல்லை. பிராகோ வடைக்குத் திரும்பியிருந்த நேரம், அவன் கண்ணுக்கு மேலேயும் ஏறிவிட்ட துண்டை அவிழ்த்து, ஆறிப்போயிருந்ததால், இருட்டில் தடவித் தடவிப் பக்கத்துப் பானைக்குள் முக்கினான். சோப்பும் ஷியா வெண்ணெயும் ஏறிய துண்டு. அது கஞ்சிப் பானை.

முக்கியதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பிழிந்து முகத்தில் சுற்றியும் கொண்டான். மிளகும் இஞ்சியும் கண்ணில் ஏற அவன் துள்ளிக் குதித்தபோதுதான் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் புரிந்தது. வரிசையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பு கடைத்தெரு வரை கேட்டிருக்கும். ஒருவன் கிண்ணத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பிராகோ சிரிக்கவில்லை. கத்தவும் இல்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. பானையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள். "இன்னைக்குக் கஞ்சி இல்ல, போங்க" என்றாள். மாவை முந்தின நாளே அரைத்துப் புளிக்க வைத்து, இருட்டில் எழுந்து கரி பற்றவைத்து, கை சலிக்கக் கிண்டியது எல்லாம் சாக்கடையில் ஆவி விட்டுக்கொண்டு ஓடியது.

கண்ணைக் கழுவிக்கொண்டு வந்த அம்பொன்சா, "பிராகோ, தெரியாம..." என்று ஆரம்பித்தான்.

"இனிமே உன் தாடை என் அடுப்புப் பக்கம் வரக்கூடாது" என்றாள் அவள். "வந்தா அடுப்புல வெச்சிருவேன்."

அதன் பிறகு அவன் வரவில்லை. பழையபடி குளிர்ந்த நீர், பழையபடி குளியலறை, பழையபடி கதவைத் தட்டுகிறவர்கள். வடகாற்றில் அது இன்னும் மோசம். கழுத்தெல்லாம் ரத்தம், சட்டைக் காலரில் கறை. பிராகோ பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். இருவரும் தங்கள் பெண் அடோமா மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். "அப்பாகிட்ட சட்டையக் கழட்டிப் போடச் சொல்லு." "அம்மாகிட்ட சாவி எங்கன்னு கேளு." அந்தப் பெண் ஒருநாள் என் கடையில் வந்து உட்கார்ந்து, "ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான கேக்குது அத்தை" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஒருநாள் கஞ்சிக்கு வந்த வேன் டிரைவர் ஒருவன் கேட்டான்: "என்ன பிராகோ, உன் வீட்டுக்காரன வங்கி வாசல்லயே காணோம்? பின்பக்கம் ஜெனரேட்டர் கிட்ட நிக்கிறான். மூஞ்சி பாத்து ஜனங்க அருவருப்புப் படுறாங்கன்னு அங்க மாத்திட்டாங்களாமே?"

பிராகோவின் கரண்டி பானைக்குள் நின்றுவிட்டது.

அவன் போனதும் என் கடைக்குள் வந்தாள். நான் ஒரு பெண்ணுக்குப் பாதித் தலைதான் பின்னியிருந்தேன்.

"அக்கா, கெளம்புங்க."

"எங்க?"

"வங்கிக்கு. என் புருஷன நான் ஜெனரேட்டர் கிட்ட நிக்க வெப்பேன், குப்பைத்தொட்டி கிட்டயும் நிக்க வெப்பேன். அந்தப் பஞ்சுக்காரன் யாரு வெக்கிறதுக்கு?"

"இந்தப் பொண்ணு தலை..."

"அது எங்கயும் ஓடாது."

பாதித் தலையோடு அந்தப் பெண்ணை உட்கார வைத்துவிட்டு நான் ஏன் போனேன் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. பிராகோ கூப்பிட்டால் அப்படித்தான்.

குவாயேயின் அறை சிறியது. மனிதர் மிகச் சுத்தமானவர். கழுத்தை இறுக்கிய காலர், முகத்தில் பவுடர். பிராகோ ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் அவர் மேஜைக்கு எதிரே நின்றாள்.

"நீங்க அம்பொன்சா வீட்டம்மாவா? பாருங்கம்மா, எனக்கு அவர் மேல ஒண்ணும் கிடையாது. ஆனா வாசல்ல நிக்கிறவர் முகம்தான் வங்கியோட முகம். தாடி கூடாதுங்கிறது விதி. அத நான் மாத்த முடியாது."

பிராகோ குனிந்து அவர் தாடைக்கடியில் பார்த்தாள். நன்றாக, மார்க்கெட்டில் தக்காளி பார்ப்பது மாதிரி பார்த்தாள். நானும் பார்த்தேன். பவுடருக்குக் கீழே, காலருக்கு மேலே, ஒரு வரிசை கட்டி.

"சார்" என்றாள். "உங்களுக்கு வீட்டுல வெந்நி வெச்சுத் தர ஆளில்லையா?"

அவர் கை தானாகக் காலருக்குப் போனது. "உக்காருங்கம்மா" என்றார்.

"எனக்கு உக்கார நேரமில்ல. விதிய மாத்த வேணாம் சார், அவரோட நேரத்த மாத்துங்க. காலையில எனக்கு அடுப்பு வேணும். மத்தியானம் அடுப்பு சும்மா கெடக்கு. பின்நேர ஷிஃப்டு குடுங்க. கழுவிச் சுத்தமா அனுப்பறேன்."

"பின்நேரம் வர ஆளுங்க ஏற்கெனவே இருக்காங்களே."

"அதுல ஒருத்தர காலையில போடுங்க. அவரு பொண்டாட்டி கஞ்சி விக்கிறாளா என்ன?"

குவாயே தொப்பியை எடுத்தார், வைத்தார், பெருமூச்சு விட்டார், பிறகு சரி என்றார். நாங்கள் கதவு வரை போனபோது பின்னால் குரல் கேட்டது, மிகவும் தாழ்ந்த குரல். "அந்தத் துணிய... எவ்வளவு நேரம் வெக்கணும்?"

"அத என்கிட்ட கேக்காதீங்க சார்" என்றாள் பிராகோ. "ஒரு தாடைக்கே எனக்கு உசிரு போகுது."

பின்நேர ஷிஃப்ட் வந்தது. கஞ்சிப் பானை கழுவிக் கவிழ்த்த பிறகு, கரியில் மிச்சமிருக்கும் கனலில் அம்பொன்சாவுக்கு வெந்நீர். பிராகோவின் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைத்தால் தப்பு. இருட்டில் எழுந்தவள், அவள் கண்ணயர்கிற நேரம் அது ஒன்றுதான். அந்த நேரத்தில் அவன் முக்காலியை இழுக்கிற சத்தம்.

"சத்தமில்லாம ஊற வெக்கத் தெரியாதாய்யா உனக்கு?"

அவனுக்குச் சூடும் தாங்காது. துணியை நுனியால் பிடித்து, ஊதி ஊதி, பிழிவதற்குள் ஆறவிட்டுவிடுவான். ஒருநாள் பாயிலிருந்து எழுந்து வந்து துணியை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். கொதிக்கிற பானையை வெறுங்கையால் இறக்குகிற கை அவளுடையது. முக்கி, ஒரே முறுக்கில் பிழிந்து, உதறி, அவன் தாடையில் வைத்து இரண்டு உள்ளங்கையாலும் அமுக்கினாள்.

"சுடுது பிராகோ."

"சுடட்டும். அசையாத."

நான் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் தலையைப் பின்னால் சாய்த்து அவள் வயிற்றில் வைத்துக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டான். அவள் கையை எடுக்கவில்லை. துணி ஆறியிருக்கும், ஆவி நின்றுவிட்டது, அப்போதும் எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றபடியே அவளும் கொஞ்சம் தூங்கினாள் என்று நினைக்கிறேன். பிறகு திடுக்கிட்டு விழித்து அவன் தலையில் ஒரு தட்டு தட்டினாள். "எந்திரிய்யா, உன்னப் புடிச்சுக்கிட்டு நிக்கத்தான் பொறந்தேனா நான்?"

மழை தொடங்குவதற்குள் கட்டிகள் அமுங்கின. கறுப்புத் தழும்புகள் மட்டும் இருக்கின்றன, அவை போகாது. வங்கியின் முன்வாசலில் அவனை மறுபடியும் நிறுத்திவிட்டார்கள்.

தொல்லை அதோடு முடியவில்லை. அவன் தாடையைப் பார்த்த மற்ற காவலாளிகள் எப்படி என்று கேட்க, இவன் சொல்லியிருக்கிறான். சொல்வதோடு நிறுத்தாமல், வீட்டுக்கு வாங்க, என் வீட்டம்மா துணி போடுவா என்றும் சொல்லியிருக்கிறான். முதலில் ஒருவன் வந்தான். பிறகு இன்னும் இரண்டு பேர். இப்போது மத்தியானம் ஆனால் எங்கள் முற்றத்துப் பெஞ்சில் வரிசையாகக் காவலாளிகள், தொப்பி மடியில், துண்டு முகத்தில். நியார்க்கோ அம்மா வாசலில் நின்று, இது என்ன பல் ஆஸ்பத்திரியா என்று கேட்கிறாள். பிராகோ அவர்கள் எல்லோரையும் பெயர் சொல்லித் திட்டுகிறாள். கஞ்சிப் பானையைத் தேய்க்காதவனுக்கு வெந்நீர் கிடையாது என்று சட்டம் போட்டிருக்கிறாள், அவர்களும் சட்டையைச் சுருட்டிக்கொண்டு தேய்க்கிறார்கள்.

அவர்களுடைய துண்டுகளைக் காயப்போடுவது என் கடைக்கு முன்னால் இருக்கிற கொடியில். நேற்று ஒருத்தி தலை துவட்ட அதில் ஒன்றை எடுத்துவிட்டாள், தலையெல்லாம் சவரச் சோப்பு வாசம். நான் பிராகோவைத் திட்டினேன். அவள் அம்பொன்சாவைத் திட்டினாள். அவன் யாரையும் திட்டவில்லை. ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று தொப்பியை மாட்டிக்கொண்டு, கண்ணாடியில் தாடையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டான்.